காயமும் காரணமும்: மருத்துவமனைப் பதிவேடு சொல்ல வேண்டிய உண்மை

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கி வரும் பழமொழி. பிள்ளையைக் கண்டிக்கும் தாய்க்கு இது பொருந்தலாம். ஆனால் மனைவியை அடிக்கும் கணவனுக்கும் இதனையே நாம் கேடயமாகக் கொடுத்து வந்திருக்கிறோம். அடுத்த வீட்டில் அலறல் கேட்டால், அது குடும்ப விஷயம் என்று கதவைச் சாத்திக் கொள்கிறோம். அந்த அலறலுக்குப் பின், காயத்துக்கு மருந்திட அப்பெண் நாடிச் செல்லும் இடம் பெரும்பாலும் மருந்தகமே. ஆகவே, பெண்களுக்கு எதிரான வன்முறையை முதலில் காணும் கண்கள் மருத்துவத் துறையின் கண்களாகும். அக்கண்கள் எதைக் காண்கின்றன, கண்டதை எவ்வாறு பதிகின்றன, பதிந்தபின் என்ன செய்கின்றன என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பதிவேட்டில் மறையும் உண்மை

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு பெண் கை வீங்கிய நிலையில் மருந்தகத்துக்கு வருகிறாள். "குளியலறையில் வழுக்கி விழுந்தேன்" என்கிறாள். அவ்வாறே எழுதப்படுகிறது. நான்கு மாதங்களுக்குப் பின் உதடு கிழிந்து வருகிறாள். "கதவில் இடித்துக் கொண்டேன்" என்கிறாள். அதுவும் எழுதப்படுகிறது. மூன்றாம் முறை விலா எலும்பு முறிந்து வருகிறாள். பார்ப்பவர் புதியவர், முந்தைய பக்கங்களை அவர் புரட்டவில்லை. மூன்று காயங்களுக்கும் சிகிச்சை கிடைத்தது. ஆனால், மூன்றுக்கும் காரணமான ஒன்று பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் இல்லாதது அரசின் கணக்கிலும் இராது. கணக்கில் இராததற்கு மருத்துவரோ, தாதியோ, தனி அறையோ ஒதுக்கப்படுவதும் அரிது.

இதனை உணர்ந்தே, உலக சுகாதார நிறுவனத்தின் அனைத்துலக நோய் வகைப்பாட்டில், காயத்துக்கு ஒரு குறியீடும், அக்காயத்தின் புறக் காரணத்துக்கு வேறொரு குறியீடும் வைத்துள்ளனர். வழுக்கி விழுதல் ஒரு பிரிவு. பிறரால் தாக்கப்படுதல் மற்றொரு பிரிவு. முதற் குறியீட்டை மட்டும் எழுதி இரண்டாவதை விட்டுவிட்டால், எலும்பு முறிந்தது தெரியும். முறித்தது எது என்பது தெரியாது.

மூன்று கணக்குகள்

வன்முறையை அறிய மூன்று கணக்குகள் உண்டு. முதலாவது, போலீஸ் நிலையத்தில் செய்யப்படும் புகார்களின் கணக்கு. இரண்டாவது, மருத்துவமனைப் பதிவேடு. மூன்றாவது, வீடு வீடாகச் சென்று பெண்களிடம் தனிமையில் கேட்டறியும் ஆய்வு. முதலிரண்டும் உதவி நாடி வந்தவர்களை மட்டுமே காட்டும். வாய் திறவாதவர்களின் நிலையை மூன்றாவதே ஓரளவு காட்டும். இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஏறக்குறைய மூன்று பெண்களில் ஒருவர், தம் வாழ்நாளில் துணைவரின் உடல்வழி அல்லது பாலியல் வன்முறைக்கோ, பிறரது பாலியல் வன்முறைக்கோ ஆளாகியுள்ளார்.

இங்கே ஒன்றை நாம் தெளிவாக உணர வேண்டும். ஒரு மருத்துவமனையில் இத்தகைய பதிவுகள் கூடினால், அவ்வட்டாரத்தில் வன்முறை பெருகிவிட்டது என்று உடனே முடிவு செய்தலாகாது. பெண்கள் நம்பிக்கையுடன் வரத் தொடங்கியதும், ஊழியர்கள் முறையாகக் கேட்கத் தொடங்கியதும் அதற்குக் காரணமாகலாம். பதிவே இல்லாத மருந்தகம் வன்முறையே இல்லாத வட்டாரத்தில் இருக்கிறது என்பதும் பொருளன்று.

நம் நாட்டின் ஏற்பாடு

இத்துறையில் மலேசியா முன்னோடியாக விளங்கியது. 1994ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில், ஓ.எஸ்.சி.சி. எனப்படும் ஒருங்கிணைந்த நெருக்கடி உதவி மையம் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில் குடும்ப வன்முறைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1996ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே சுகாதார அமைச்சு இம்மைய முறையை மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் விரிவாக்கியது.

இம்மையத்தின் நோக்கம் எளியது. அடிபட்ட பெண் மருத்துவர், போலீஸ், சமூக நல அதிகாரி என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி, ஒரே துன்பத்தைப் பலமுறை சொல்லலாகாது. அவர்களே அவளிருக்கும் இடத்துக்கு வர வேண்டும். பொது வரிசையில் காக்க வைக்காமல் அவளைத் தனியிடத்துக்கு அழைத்துச் செல்கின்றனர். மருத்துவர் காயங்களின் இடம், அளவு, நிறம் ஆகியவற்றைக் குறித்துக் கொள்கிறார். இக்குறிப்பு பின்னாளில் நீதிமன்றத்தில் சான்றாகக்கூடும். வீடு திரும்புவது ஆபத்து என்று கண்டால், பாதுகாப்பான தங்குமிடத்துக்கு வழி தேடப்படுகிறது. எல்லா மருத்துவமனைகளிலும் வசதி ஒரே அளவினதன்று. சிறிய மருத்துவமனைகளில் அவசரப் பிரிவே இப்பணியையும் சேர்த்துச் செய்கிறது.

2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் மற்றொரு வாயிலைத் திறந்தது. நீதிமன்றம் செல்லும் முன்பே, சமூக நல அதிகாரி அவசரப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கலாம். அது ஏழு நாட்களுக்குச் செல்லும்.

கேட்கும் முறை

ஊழியர் எவ்வாறு கேட்க வேண்டும் என்பதற்கும் நெறிமுறை உண்டு. கணவன், மாமியார், பிள்ளைகள் ஆகியோர் முன்னிலையில் கேட்டலாகாது. மொழி தெரியாதபோது குடும்பத்தாரையே மொழிபெயர்ப்பாளராகக் கொள்ளலாகாது. குறுக்கிடாது செவிமடுத்தல், அவளுக்குத் தேவையானது எதுவென அறிதல், அவள் சொல்வதை நம்புவதாக உணர்த்துதல், அவளது பாதுகாப்பைத் திட்டமிடுதல், தக்க உதவியுடன் இணைத்தல் ஆகிய ஐந்தும் உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தும் படிகளாகும். "நீ என்ன செய்தாய், அவர் அடிப்பதற்கு?" என்ற ஒரே கேள்வி, அப்பெண்ணின் வாயை என்றென்றைக்கும் அடைத்துவிடும்.

எழுதிய பதிவேட்டைக் காப்பதும் இன்றியமையாதது. கருவுற்ற தாய்மார் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பரிசோதனைப் புத்தகத்தில், கணவன் படிக்கும்படி இவ்விவரத்தை எழுதினால், காக்க வந்த எழுத்தே அடுத்த அடிக்குக் காரணமாகிவிடும். வேலியே பயிரை மேய்ந்த கதையாக அது முடியும்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர் காலம் தாழ்த்தாது மருத்துவமனை செல்ல வேண்டும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மருந்தை ஐந்து நாட்களுக்குள் உட்கொள்ள வேண்டும். இரண்டும் எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்று. கூடுமானால் குளிக்காமலும், உடைகளைத் துவைக்காமலும் செல்வது சான்றுகளைக் காக்கும். அவ்வாறு செய்ய இயலாது போனவரும் சிகிச்சைக்குச் செல்லத் தயங்க வேண்டியதில்லை.

நம் கடமை

தோட்டத்து வீடுகள் அடுத்தடுத்து அமைந்தவை. ஒரு வீட்டின் சொல் மறு வீட்டில் கேட்கும். பெரிய மருத்துவமனையோ தொலைவில் இருக்கும். தோட்ட மருத்துவ உதவியாளர் கணவனுக்கும் அறிமுகமானவராக இருப்பார். இதனால் பெண்கள் பேச அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தைப் போக்கும் பொறுப்பு மருத்துவத் துறைக்கு மட்டும் உரியதன்று. அண்டை வீட்டார் துணைக்குச் செல்லலாம்; பிள்ளைகளைச் சிறிது நேரம் பார்த்துக் கொள்ளலாம்; வண்டிக்கு ஏற்பாடு செய்யலாம். பகலும் இரவும் இயங்கும் தாலியான் காசே 15999 எண்ணுக்கு அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999 எண்ணை அழைக்கலாம்.

அடி வாங்கியவள் வெட்கப்பட வேண்டியதில்லை. மருத்துவர் கேட்கும்போது, "விழுந்தேன்" என்று சொல்வதற்குப் பதிலாக, "அடித்தார்" என்று அவள் அச்சமின்றிச் சொல்லும் நாள் வர வேண்டும். அந்த ஒரு சொல் பதிவேட்டில் ஏறினால் அவளுக்கு உதவி கிடைக்க வழி பிறக்கும். அவளைப் போன்ற பலருக்கும் அது வழிகாட்டும். அச்சொல்லைச் சொல்லும் துணிவை அவளுக்கு நாம் அளிப்போமாக.