தாகம் முந்தியா, விலை முந்தியா?

செல்வருக்கும் ஏழைக்கும் தாகம் ஒன்றே. ஆனால் அந்தத் தாகத்தைத் தீர்க்க அவர்கள் கொடுக்கும் விலை ஒன்றல்ல. இது ஏன்? இதில் நமது கடமை யாது? இயற்கை வளங்களை ஆராயும் பொருளாதார நூலோர் இதற்கு ஒரு விடை கூறுகின்றனர். நமது மார்க்கச் சட்டமும் ஒரு விடை கூறுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

இருக்கன்குடியில் ஒரு பாடம்

விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூரை அடுத்துள்ளது இருக்கன்குடி. ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று அங்குள்ள மாரியம்மன் கோயிலில் திரளும் கூட்டத்தால் தென்மாவட்டங்கள் எங்கும் அறியப்பட்ட ஊர். அர்ஜுனா நதியும் வைப்பாறும் கூடும் இடமும் அதுவே. அங்கு ஒரு நீர்த்தேக்கமும் உண்டு.

இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் தண்ணீருக்கு என்ன குறை என்று கேட்கத் தோன்றும். இவை இரண்டும் மழை பெய்தால் ஓடும் ஆறுகள்; மழை நின்றால் மணல் வெளிகள். மாவட்டத்தில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை நம்பித்தான் கண்மாய்கள் இருக்கின்றன. நிலத்தடி நீரோ பல இடங்களில் உப்பு. அதனால்தான் சாத்தூர், விருதுநகர், அருப்புக்கோட்டை ஆகிய நகரங்களுக்கு நெல்லைச் சீமையின் தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியே கொண்டுவர வேண்டியிருந்தது.

இந்த வட்டாரப் பெண்கள் "நல்ல தண்ணீர்", "உப்புத் தண்ணீர்" என்று பிரித்துப் பேசுவார்கள். ஒன்று குடிக்க, மற்றொன்று புழங்க. எந்தத் தண்ணீரை எதற்குச் செலவிடுவது என்னும் கல்வி முழுவதும் இந்த இரண்டு சொற்களில் அடங்கியிருக்கிறது.

ஒரே தண்ணீர், பல விலைகள்

தண்ணீரின்றி உயிர் இல்லை. ஆயினும் அது மலிவு. வைரம் இன்றி வாழலாம்; ஆயினும் அது விலை உயர்ந்தது. இந்தப் புதிரை ஆடம் ஸ்மித் 1776-ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலில் எடுத்துக்காட்டினார். பின்வந்தோர் தந்த விளக்கம் எளியது. எதுவும் ஏராளமாக இருக்கும் வரையில் அதன் கடைசிக் குவளைக்கு மதிப்பில்லை. அருகிவிட்டால் முதல் குவளைக்கு எந்த விலையும் தகும். சந்தை விலை என்பது ஒரு பொருளின் அருமையைக் காட்டுமே தவிர, அதன் அவசியத்தைக் காட்டாது.

இன்றைய கணக்கைப் பாருங்கள். 20 லிட்டர் கேன் 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1000 லிட்டருக்கு 1500 ரூபாய் ஆகிறது. ஒரு லிட்டர் பாட்டில் 20 ரூபாய் என்றால், 1000 லிட்டருக்கு 20,000 ரூபாய். குழாய் வராத தெருவில் குடியிருப்பவர்தான் கேனுக்கும் குடத்துக்கும் காசு கொடுக்கிறார். காசில்லாதவர் நடையாலும் நேரத்தாலும் கொடுக்கிறார்.

காய்ச்சுவது, கேன் வாங்குவது, சுத்திகரிப்புக் கருவி பொருத்துவது என மக்கள் செய்யும் செலவுகளைக் கூட்டி, நல்ல தண்ணீருக்கு அவர்கள் தரும் மதிப்பை ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். பயனுள்ள முறைதான். ஆனால் அது அளப்பது பணப்பையை, தாகத்தை அன்று. கொடுக்க இயலாதவன் தாகமில்லாதவன் ஆகிவிடுவதில்லை.

தாமிரபரணி வழக்கு

கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் 1000 லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குத் தரப்படுகிறது என்று வழக்குத் தொடரப்பட்டது. 2016 நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. உபரி நீரையே தருகிறோம் என்பது அரசுத் தரப்பின் வாதம். 2017 மார்ச்சில் மனுக்கள் தள்ளுபடியாயின.

மேலே நாம் கண்ட கேன் தண்ணீரின் விலை இதைப்போல் 40 மடங்கு என்பதைக் கவனியுங்கள்.

அதே மார்ச் 1 முதல் கோக், பெப்சி பானங்களை விற்பதில்லை என்று தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்பு அறிவித்தது. பலர் உள்நாட்டுப் பானங்களை நாடினர். 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பொவோண்டோ மீண்டும் பேசப்பட்டது. நமது ஊர்த் தொழில் வாழ்வது நல்லதே. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அரை லிட்டர் இனிப்புக் குளிர்பானத்தின் பின்னே, சர்க்கரைப் பயிர் குடித்ததையும் சேர்த்து, 169 முதல் 309 லிட்டர் வரை தண்ணீர் செலவாகிறது என்று ஹாலந்து நாட்டு ஆய்வாளர் ஹூக்ஸ்ட்ராவும் அவருடைய கூட்டாளிகளும் 2011-இல் கணக்கிட்டனர். பாட்டிலின் மீதுள்ள பெயர் மாறினாலும் சர்க்கரை சர்க்கரைதான்.

மார்க்கம் வைத்த வரிசை

ஒருவரிடம் சிறிதளவு தண்ணீரே இருக்கிறது. ஒளுச் செய்தால் குடிக்க இராது. அவர் என்ன செய்ய வேண்டும்? தண்ணீரைத் தாகத்துக்கு வைத்துக்கொண்டு தயம்மும் செய்து தொழ வேண்டும் என்பதே சட்டம். இதில் நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் ஒன்றுபட்டிருக்கிறார்கள். தாகித்திருப்பது உடன் வந்த தோழராயினும், அவருடைய வாகனப் பிராணியாயினும் சட்டம் இதுவே. தொழுகையின் திறவுகோலான ஒளுவே தாகத்துக்கு வழிவிடுகிறது என்றால், வேறு எந்த உபயோகம் தாகத்தை முந்த முடியும்? 1987-ஆம் ஆண்டின் இந்திய தேசிய நீர்க் கொள்கையும் குடிநீருக்கே முதலிடம் தந்தது.

விலையைப் பற்றியும் தெளிவு உண்டு. ஆற்று நீர் அனைவருக்கும் பொது. தன் தேவை போக எஞ்சிய தண்ணீரைத் தடுத்து வைப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலக்கினார்கள். அதே வேளையில், ஒருவர் உழைத்துப் பாத்திரத்தில் சேர்த்த தண்ணீர் அவருடைய உடைமை. அதை விற்பது ஆகும். எனவே கேன் வியாபாரம் குற்றமன்று. அவர் பெறுவது சுமந்த கூலியும் சுத்தம் செய்த கூலியும். ஆனால் "உபரி" என்ற சொல்லை யார் சொன்னாலும், எல்லோரும் குடித்த பிறகு எஞ்சியதா என்று கேட்டறிவது நமது உரிமை.

மதீனாவில் ரூமாக் கிணற்றுத் தண்ணீர் விலைக்கே கிடைத்தது. ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் அக்கிணற்றை வாங்கிப் பொதுவில் வக்ஃபாக விட்டார்கள். தாமும் மற்றவர்களைப் போல் ஒரு வாளி இறைக்கும் உரிமையையே வைத்துக்கொண்டார்கள்.

பொதுச் சொத்தை அரசோ தனியாரோ மட்டுமே காக்க முடியும் என்பதில்லை, பயன்படுத்துவோரே விதி வகுத்துக் காக்க முடியும் என்று நிறுவிய எலினார் ஆஸ்ட்ரம் அம்மையாருக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. நீர்பாய்ச்சியை நியமித்து, முறை வைத்து மடை திறந்த நம் கண்மாய்க்காரர்களுக்கு இது புதிதன்று.

நாம் செய்ய வேண்டியவை

1. ஒளுவை அளந்து பாருங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது முக்கால் லிட்டருக்கு மிகாத தண்ணீரில் ஒளுச் செய்தார்கள். குழாயின் கீழே ஒரு வாளியை வைத்து ஒளுச் செய்தால் நமது அளவு தெரிந்துவிடும். 200 பேர் தொழும் பள்ளியில் ஒருவர் 5 லிட்டர் வீணாக்கினால், ஐந்து வக்துக்கு 5000 லிட்டர்.

2. சுத்திகரிப்புக் கருவி தேவைதானா என்று முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு உட்பட்டிருந்தால், உப்பை நீக்கும் ஆர்.ஓ. கருவி அதற்காகத் தேவையில்லை. அக்கருவி ஒரு லிட்டர் தருவதற்குள் ஏறத்தாழ மூன்று லிட்டரைக் கழிக்கிறது.

3. கழிந்த அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். தரை கழுவலாம், பாத்திரம் விளக்கலாம். உப்பு மிகுந்திருப்பதால் மட்டும் தண்ணீர் தன் சுத்தத் தன்மையை இழப்பதில்லை. கடல் நீரிலேயே ஒளு கூடும் அல்லவா?

4. பள்ளியின் கூரை நீரைச் சேமியுங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். ஹவுளுக்குச் செல்லும் மழைநீர் அளவுக்கு நல்ல தண்ணீர் மிஞ்சும்.

5. பள்ளி வாசலில் ஒரு குடிநீர்க் குழாய் வையுங்கள். குடிக்க வருபவர் யார், எந்தச் சமயத்தவர் என்று கேட்க வேண்டியதில்லை.

தண்ணீருக்கு நாம் கொடுத்த விலையைக் கொண்டு அதன் மதிப்பை எடை போடலாகாது. அடுத்த வீட்டாரின் தாகத்தைக் கொண்டே எடை போட வேண்டும். இலவசமாக வரும் குழாயைத் திறக்கும்போதும் அந்தத் தராசு நம் கையில் இருக்கட்டும்.