போர் தண்ணீரைக் குடிக்கலாமா?

மனை வாங்கி, போர் போட்டாச்சு. தண்ணீர் கண்ணாடி மாதிரி வருகிறது. ருசியும் நன்றாக இருக்கிறது. "அப்புறம் டெஸ்ட் எதுக்கு டாக்டர்?" என்கிறீர்களா?

மழைநீர், ஆற்றுநீர், கிணற்றுநீர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி குணம் சொல்கின்றன சித்த நூல்கள். எல்லா நீரும் ஒன்றல்ல. கண்ணுக்குத் தெரிவது கலங்கல், நாக்குக்குத் தெரிவது உப்பு. ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் இரண்டுக்கும் தெரியாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாறையிலிருந்தே ஃப்ளோரைடு நீரில் கரைகிறது. அது மிகுந்தால் வளரும் குழந்தைகளின் பல்லில் காவித் திட்டுகள் விழும். எந்தப் பல்பொடியாலும் அவை போகாது. பல வருடம் குடித்தால் மூட்டும் முதுகெலும்பும் இறுகிவிடும். நைட்ரேட் கழிவுநீராலும் உரத்தாலும் சேர்கிறது. அந்த நீரில் புட்டிப்பால் கலந்து கொடுத்தால் கைக்குழந்தைக்கு உடல் நீலம் பாரிக்கலாம்.

"கொதிக்க வெச்சா போயிடுமே!" கிருமி சாகும், இவை போகாது. கஷாயத்தை நாலில் ஒன்றாகச் சுண்டவைக்கிறோமே, அப்போது நைட்ரேட் ஏறக்குறைய நாலு மடங்காகிவிடும்! தேற்றான்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும். இவற்றுக்கு அதை நம்பாதீர்கள்.

மாதிரி எடுப்பது எப்படி?

* மோட்டாரைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, தேங்கிய நீர் போனபின் பிடியுங்கள். மேல்தொட்டி நீர் வேண்டாம்.

* ரசாயனச் சோதனைக்கு: சுத்தமான 2 லிட்டர் பிளாஸ்டிக் கேன். அதே நீரால் மூன்று தடவை அலசி நிரப்புங்கள்.

* கிருமிச் சோதனைக்கு: பரிசோதனைக்கூடம் தரும் கிருமி நீக்கிய பாட்டில். இதை அலசக் கூடாது. வாயில் விரல் படக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுத்துவிடுங்கள்.

* இடம், போரின் ஆழம், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடங்களில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம்.

ரிப்போர்ட்டில் என்ன பார்ப்பது?

இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு ஃப்ளோரைடு 1 மி.கி. (வேறு வழியே இல்லையென்றால் 1.5), நைட்ரேட் 45 மி.கி., கரைந்த உப்புகள் 500 மி.கி. (வேறு வழியில்லாதபோது 2,000). ஈ.கோலி கிருமி 100 மி.லி. நீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கிருமி இருந்தால் காய்ச்சிக் குடியுங்கள். செப்டிக் டேங்க் போரிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃப்ளோரைடோ நைட்ரேட்டோ மிகுந்தால் குடிக்கவும் சமைக்கவும் வேறு நீர்தான், அல்லது ஆர்.ஓ. வேண்டும். குளிக்க, துவைக்க போர் நீரே போதும்.

கோடையில் ஒரு முறை, மழைக்குப்பின் ஒரு முறை சோதியுங்கள். மருந்துச் செலவைவிட இது மலிவு!