டிப்பர்களில் சுமை ஒட்டுதலைத் தடுத்தல்

சிங்ரௌலி, தால்ச்சேர் போன்ற திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களில், மழைக்காலத்தில் ஈரக் களிமண் டிப்பர் தொட்டியின் மூலைகளில் ஒட்டிக்கொள்வதுண்டு. 20 டன் ஏற்றும் வண்டியில் 1 டன் ஒட்டியே நின்றால், 20 நடைகளில் ஒரு நடைச் சுமை வீணாகிறது. இதனினும் பெரிது உயிர் அபாயம். உயர்த்திய தொட்டியின் மேல்முனையில் சுமை தங்கிவிடின் ஈர்ப்பு மையம் உயர்ந்து வண்டி கவிழக்கூடும்.

மூலைகளை வளைவாக அமைத்தல், வழுக்கும் பிளாஸ்டிக் தகடு பதித்தல், எஞ்சின் புகையின் வெப்பத்தைத் தொட்டியின் அடியில் செலுத்துதல், ஒவ்வொரு ஷிப்டின் முடிவிலும் கழுவுதல் ஆகியவை தடுப்பு முறைகளாகும். சமதளத்திலேயே கொட்டுதல் வேண்டும். சுமையை உதிர்க்க வண்டியைக் குலுக்குதல் கூடாது. தொட்டியை இறக்கிய பின்னரே சுரண்ட வேண்டும்.

நடைக்கணக்கில் கூலி பெறும் ஓட்டுநர் அவசரப்படுவது இயல்பு. எனவே, துப்புரவு நேரத்தையும் பணிநேரமாகக் கணக்கிடுவது நிர்வாகத்தின் கடமையாகும்.