படக் கோப்புகளும் அவற்றைத் திறக்கும் நிரல்களும்

வயலில் எடுத்த புகைப்படம் அலுவலகக் கணினியில் ஒரு கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. அக்கோப்பின் மீது மவுஸை இருமுறை அழுத்தியதும் படம் திரையில் தோன்றுகிறது. அதைத் தோற்றுவிப்பது, அவ்வகைக் கோப்புகளுக்கென நியமிக்கப்பட்ட ஒரு நிரலாகும். அந்நியமனத்தை மாற்றும் முறையைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் அவசியம்.

1. நிரல் தேர்ந்தெடுக்கப்படும் விதம்

கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்வரும் எழுத்துக்கள் பின்னொட்டு எனப்படும். புகைப்படங்களுக்குச் சாதாரணமாக ‘ஜேபிஜி’ அல்லது ‘பிஎன்ஜி’ என்னும் பின்னொட்டு அமைந்திருக்கும். விண்டோஸ் முறைமை ஒவ்வொரு பின்னொட்டுக்கும் ஒரு நிரலைக் குறித்து வைத்திருக்கிறது. பின்னொட்டை மாற்றி எழுதினால் பெயர் மாறுமேயன்றிப் படத்தின் அமைப்பு மாறாது. உதாரணமாக, பிஎன்ஜி கோப்பின் 2, 3, 4-ஆம் பைட்டுகளில் பி, என், ஜி என்னும் ஆங்கில எழுத்துக்களே பதிந்துள்ளன. எப்பெயரிட்டாலும் அவை அழிவதில்லை.

2. மாற்றம் அவசியமாவது ஏன்?

படத்தைக் காட்டும் நிரல் வேறு. திருத்தும் நிரல் வேறு. திருத்தும் நிரலே எப்போதும் திறக்குமாயின், தவறுதலாக மூலப்படத்தின் மீதே சேமித்துவிட நேரிடும். 1992-இல் ஏற்கப்பட்ட ஜேபெக் முறை, படத்தை 64 புள்ளிகள் கொண்ட சதுரங்களாகப் பிரித்து, நுண்ணிய வேறுபாடுகளைக் கைவிட்டுக் கோப்பின் அளவைக் குறைக்கிறது. திருத்திச் சேமிக்குந்தோறும் இக்குறைப்பு மறுபடியும் நிகழ்வதால், இலையிலுள்ள சிறு நோய்ப்புள்ளிகள் மங்கக்கூடும். அன்றியும், கைப்பேசி படத்துடன் பதிவு செய்த நாள், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகிய விவரங்களைச் சில நிரல்கள் சேமிக்கையில் விட்டுவிடுகின்றன. அவை நீங்கிய படம், எவ்வயலில் எந்நாளில் எடுக்கப்பட்டது என்பதைத் தானே காட்ட இயலாது.

3. மாற்றும் முறை

விண்டோஸ் 11-இல் கோப்பின் மீது மவுஸின் வலப்பொத்தானை அழுத்தவும். தோன்றும் பட்டியலில் ‘ஓப்பன் வித்’ என்பதையும், அதனுள் ‘சூஸ் அனதர் ஆப்’ என்பதையும் தேர்ந்தெடுக்கவும். படம் காட்டும் நிரலைச் சுட்டி, ‘ஆல்வேஸ்’ என்பதை அழுத்தவும். ‘ஜஸ்ட் ஒன்ஸ்’ என்பதை அழுத்தினால் அத்தேர்வு அந்த ஒருமுறைக்கு மட்டுமே பொருந்தும். ஜேபிஜி, ஜேபிஇஜி, பிஎன்ஜி ஒவ்வொன்றுக்கும் இதைத் தனித்தனியே செய்தல் வேண்டும். முதலிரண்டும் ஒரே அமைப்பின் இரு பெயர்களாயினும், கணினி அவற்றை வெவ்வேறாகவே கருதுகிறது.

சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் முறைமைகளில், பெரும்பாலும் கோப்பின் ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘ஓப்பன் வித்’ என்னும் பிரிவு காணப்படும்.

இம்மாறுதலால் கோப்பினுள் ஒரு பைட்டும் மாறுவதில்லை. ஆகையால் அஞ்ச வேண்டியதில்லை. வேண்டும்போது இதே முறையில் பழைய நிலைக்குத் திரும்பலாம். திருத்தம் தேவைப்படுமிடத்து, முதலில் பிரதி எடுத்து அதில் மட்டுமே திருத்துக. மூலப்படம் என்றும் தீண்டப்படாதிருத்தல் வேண்டும்.

பயிற்சி: ஒரு ஜேபிஜி படத்தின் பிரதியைத் திருத்தும் நிரலில் திறந்து, சிறு மாற்றங்கள் செய்து பத்து முறை சேமிக்கச் செய்க. பின்னர் மூலத்தையும் பிரதியையும் பெரிதாக்கி ஒப்பிட்டு, மாணவர் கண்ட வேறுபாடுகளை எழுதச் செய்க.