ஒத்துழைக்கவில்லை என்று எழுதும் முன்

அன்புள்ள தங்கைக்கு,

தஞ்சோங் காராங் மருத்துவமனையிலோ, பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் பக்கத்துக் கிளினிக்கிலோ பணி தொடங்கும் உங்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். குடியை விடவைக்க வேண்டும் என்று தோட்டத்திலிருந்து அழைத்துவரப்படும் மனிதருக்கு அறிவுரை சொல்லும் முன், அவருடைய நினைவாற்றலையும் யோசிக்கும் திறனையும் சோதித்துப் பாருங்கள். சோதிக்காவிட்டால் நடப்பது இதுதான்: எல்லாவற்றுக்கும் "சரிங்க டாக்டர்" என்கிறார். அடுத்த தவணைக்கு வருவதில்லை. மாத்திரை பிரிக்கப்படாமலே கிடக்கிறது. கோப்பில் 'ஒத்துழைக்கவில்லை' என்று ஏறிவிடுகிறது. நெடுநாள் குடி பெரும்பாலும் கெடுப்பது, புதிதாகக் கேட்டதை மனத்தில் நிறுத்துவது, திட்டமிடுவது, குடிக்கக் கை நீளும்போது தன்னைத் தடுத்துக்கொள்வது ஆகிய திறன்களைத்தான். நம் ஆலோசனை முழுக்க நம்பியிருப்பதும் அவற்றைத்தான். பேச்சு அவ்வளவாகக் கெடுவதில்லை, பால்வெட்டுக் காலத்துக் கதைகளைத் தெளிவாகச் சொல்வார். நாம் ஏமாறும் இடம் அதுவே.

இந்தப் பாதிப்பு எவ்வளவு தப்பிப்போகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. தயமின் என்னும் பி1 வைட்டமின் குறைவால் வருவதாக இன்று அறியப்படும் மூளைச் சிதைவை மருத்துவர் வெர்னிக்கே 1881இல் விவரித்தார். அந்தச் சிதைவு பிரேதப் பரிசோதனையில் தெரியவந்த 131 பேரை மேற்கு ஆஸ்திரேலியாவில் ஹார்ப்பர் என்ற ஆய்வாளரின் குழு ஆராய்ந்து 1986இல் வெளியிட்டது. உயிரோடு இருந்தபோது நோய் கண்டறியப்பட்டிருந்தது ஐந்தில் ஒருவருக்கு மட்டுமே. பிரான்சின் மருத்துவமனைப் பதிவுகளைக் கொண்டு 2018இல் வந்த ஆய்வில், 65 வயதுக்கு முன்பே மறதிநோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் குடியோடு தொடர்பு இருந்தது. இந்த வைட்டமினின் வரலாறோ நம் மண்ணிலேயே இருக்கிறது. 1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர், தீட்டிய அரிசி உண்டவர்களிடம் இதே வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி பரவுவதையும் புழுங்கல் அரிசி உண்டவர்கள் தப்புவதையும் காட்டினார். புழுங்கல் சோறு உண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அதிகம் அண்டாததை மருத்துவர் பிராடன் 1907இல் எழுதினார். நம் முன்னோரை உணவு காத்தது. சம்சு என்னும் மலிவுச் சாராயத்தைக் குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுக்கும் மனிதருக்கு அந்தக் காப்பு இல்லை. குடலும் தயமினைச் சரியாக உறிஞ்சாது. எனவே இந்தக் குறைவு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே சோதனை முடிவுக்குக் காத்திராமல் ஊசிவழி தயமின் தொடங்கச் செய்யுங்கள்.

நினைவாற்றலைச் சோதிக்கும் கேள்விகள் படித்தவர்களுக்கானவை என்று சிலர் சொல்வார்கள். அந்த ஆட்சேபம் நியாயமானது. மோக்கா (MoCA) என்னும் அறிதிறன் சோதனையில் கனசதுரம் வரையவும் எண்ணையும் எழுத்தையும் மாறி மாறி இணைக்கவும் வேண்டும். பன்னிரண்டு ஆண்டோ அதற்குக் குறைவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருகிறார்கள். மூன்றாம் வகுப்போடு தோட்ட வேலைக்கு வந்தவருக்கு அது போதாது. குறைந்த படிப்புள்ளவர்களுக்கென மோக்கா-பி என்ற வடிவம் இருக்கிறது, அதை நாடுங்கள். மதிப்பெண்ணோடு நின்றுவிடவும் வேண்டாம். சம்பளச் சீட்டை முன்போல் சரிபார்க்கிறாரா, கடைக் கணக்கு குழம்புகிறதா, தெரிந்த பாதையில் தடுமாறுகிறாரா என்று மனைவியிடம் கேளுங்கள். பழைய எம்எம்எஸ்இ (MMSE) அறிதிறன் சோதனை திட்டமிடும் திறனைச் சரியாகத் தொடுவதில்லை, அதில் நல்ல மதிப்பெண் வந்தால் நிம்மதியடைய வேண்டாம். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த தலைக்காயம், ஈரல் செயலிழப்பு, சர்க்கரை இறக்கம் ஆகியவையும் இதே முகத்தோடு வரும்.

'தோட்டத்துத் தமிழர் என்றாலே குடி' என்ற பழிச்சொல்லோடு 'மூளை கெட்டவர்' என்பதும் சேர்ந்துவிடும் என்று சிலர் அஞ்சுவார்கள். இந்த அச்சத்தை நான் மிகவும் மதிக்கிறேன். கள்ளுக்கடைகளைத் தோட்டங்களில் நிலைநிறுத்தியவர்கள் தொழிலாளர்கள் அல்லர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தில் அவற்றை மூடச் சொல்லிக் கேட்டவர்களே அவர்கள்தாம். ஆனால் சோதிக்காமல் விடுவதால் பழி குறைவதில்லை. மூளையில் காயம் இருக்கிறது என்று தெரியாதவரை, மறதி திமிராகவும் தவறிய தவணை சோம்பலாகவுமே படிக்கப்படும்.

குடியை நிறுத்தினால் தானே தேறுமே, சோதனை எதற்கு என்ற கேள்வியில் பாதி உண்மை. பலருக்குத் தேறுகிறது, ஆனால் மெதுவாக. சில திறன்கள் திரும்ப ஓராண்டுகூட ஆகலாம் என்று 2013இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். சிகிச்சையின் பேச்செல்லாம் நடப்பதோ முதல் சில வாரங்களில், மூளை மிகவும் தளர்ந்திருக்கும்போது. ஆகவே நடுக்கமும் குழப்பமும் உள்ள முதல் நாள்களில் மதிப்பெண் போடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் குடிக்காமல் இருந்த பின் சோதியுங்கள், சில மாதம் கழித்து மறுபடியும். மதிப்பெண் குறைவாக வந்தால் உங்கள் முறையை மாற்றுங்கள். ஒரு சந்திப்புக்கு ஒரே விஷயம். அதை அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தவணைக்கு முந்திய நாள் வீட்டுக்கு ஃபோன் போகட்டும். மருந்து மனைவியின் கையில் இருக்கட்டும். டிராக்டர் ஓட்டுபவரா, மருந்தடிப்பவரா, உயரத்துச் செம்பனைக் குலையை அரிவாள் கட்டிய கம்பால் அறுப்பவரா என்று கேட்டு, வேலையின் ஆபத்தையும் குடும்பத்தோடு பேசிவிடுங்கள். கோப்பில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் அவர் கடைசியாகக் குடித்த தேதியையும் எத்தனை வகுப்பு படித்தார் என்பதையும் எழுதுங்கள். அவை இல்லாவிட்டால், அடுத்து வரும் மருத்துவருக்கு அந்த எண்ணால் பயனில்லை.

அன்புடன்,
உங்கள் மூத்த சகா