இரண்டு தாத்தாக்கள் இரண்டு விதமாகச் சொன்னால்?

கேள்வி: ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். சமூக அறிவியலில் செயல்திட்டம் கொடுத்தால், பெற்றோரே கடையில் படம் வாங்கி ஒட்டி, கூகுளில் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகளையே நேரில் போய் ஆராய வைக்கலாமா? பத்து வயதில் அது அதிகமா?
- ஆசிரியை, உத்திரமேரூர் வட்டம்

பதில்: அதிகமே இல்லை. தலைப்பைக் கொடுக்காமல் கேள்வியைக் கொடுங்கள். 'நீர்நிலைகள்' என்றால் படம்தான் ஒட்டுவார்கள். 'நம் ஏரி நிரம்பினால் எத்தனை போகம் விளைந்தது?' என்று கேளுங்கள். அதற்கு விடை எந்தக் கடையிலும் கிடைக்காது.

பெற்றோர் சம்மதத்தோடு, பெரியவர்கள் சிலர் துணைக்கு வர, காலையில் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போங்கள். தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது. மதகு, கலிங்கல், வரத்துக்கால் எல்லாவற்றையும் வரையட்டும். நோட்டில் பார்த்தது, கேட்டது, நினைத்தது என்று மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள். இவற்றைக் கலக்காமல் எழுதுவது பெரியவர்களுக்கே சிரமம். பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுவார்கள்.

அடுத்தது ஊர்ப் பெரியவர்களிடம் கேட்பது. 'எந்த வருஷம்?' என்றால் பலருக்குச் சொல்ல வராது. 'எம்.ஜி.ஆர். இறந்ததுக்கு முன்னாலயா?', 'சுனாமிக்கு அப்புறமா?' என்று கேட்கட்டும். 1987, 2004 என்று நீங்கள் கரும்பலகையில் குறித்து வந்தால் ஊருக்கென்று ஒரு காலக்கோடு கிடைக்கும். எந்தத் தெருவையும் விட்டுவிடாதீர்கள். நிலமில்லாமல் நாற்று நட்ட பெண்கள், வேலை கிடைத்த நாட்களைக் கொண்டு ஏரியை நினைவு வைத்திருப்பார்கள். அது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

ஒரு தாத்தா 'ரெண்டு போகம்' என்பார். இன்னொருவர் 'ஒரு போகத்துக்கே பத்தாது' என்பார். பிள்ளைகள் குழம்பிப்போய் உங்களைப் பார்ப்பார்கள். தயவுசெய்து விடை சொல்லிவிடாதீர்கள். 'ரெண்டு பேர் நிலமும் எங்கே இருக்கு?' என்று மட்டும் கேளுங்கள். ஒருவருக்கு மதகடியில், மற்றவருக்குக் கடைமடையில் என்று தெரிந்தால், இருவருமே உண்மை சொல்லியிருக்கலாம் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். சமூக அறிவியலில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது.

உங்கள் வட்டத்துக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகளில், ஏரி வாரியத்துக்குக் குடவோலையால் ஆளெடுத்த விதிகள் இருக்கின்றன. ஆண்டு 919, 921. அங்கே முதலிலேயே கூட்டிப் போக வேண்டாம். தங்கள் ஏரி ஒன்றியத்துடையதா, நீர்வளத்துறையுடையதா, தூர்வார யார் பொறுப்பு என்றெல்லாம் விசாரித்த பிறகு போகட்டும். அப்போதுதான் அந்தச் சுவரைப் பார்த்துக் கேட்க அவர்களிடம் கேள்வி இருக்கும்.

வரத்துக்காலில் ஆக்கிரமிப்பு தென்பட்டால் இடத்தை மட்டும் வரைபடத்தில் குறிக்கட்டும். யார் வீடு என்று எழுத வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம்.

மதிப்பெண்ணை அழகான கையெழுத்துக்குப் போடாதீர்கள். 'இது இன்னும் தெரியவில்லை' என்று நேர்மையாக எழுதிய பிள்ளைக்குப் போடுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். பிள்ளைகள் அந்த வரைபடத்தை அங்கே காட்டிப் பேச, ஊராட்சித் தலைவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.