தொழுவத்து நெடியும் உரத்தின் நஷ்டமும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் மாட்டுக் கொட்டில் பெரும்பாலும் வீட்டை ஒட்டியே இருக்கும். மழைக்காலத்தில் அதிகாலையில் படலைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி எழுவதைக் குடியானவர் யாவரும் அறிவர். அதைப் போக்கச் சிலர் சாம்பல் தூவுகின்றனர். சிலர் சுண்ணாம்பு தெளிக்கின்றனர். சிலர் சாம்பிராணி போடுகின்றனர். புகை நெடியைச் சற்று மறைக்கும். மற்ற இரண்டுமோ அதை அதிகப்படுத்தும்.

காரணம் யாதெனில், மூத்திரத்திலுள்ள யூரியா தரையிலுள்ள நுண்ணுயிர்களால் சிதைந்து அம்மோனியா வாயுவாக மாறுகிறது. சாம்பலும் சுண்ணாம்பும் காரப் பொருள்கள். ஈரத்தில் அவை சேர்ந்தால் வாயு விரைந்து வெளியேறும். ஒரு கிண்ணத்தில் சிறிது அம்மோனியம் சல்பேட்டும் சுண்ணாம்பும் நீரும் கலந்து, தூரத்தில் வைத்து முகர்ந்தால் கொட்டிலில் எழும் அதே நெடியை அறியலாம்.

இவ்வாறு போவது நிலத்துக்கு உரிய தழைச்சத்து. மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதி மூத்திரத்திலேயே உள்ளது. சாணத்தை மட்டும் கருத்தாய் வாரிக் குழியிலிடுபவர் மற்றப் பாதியைக் காற்றுக்கு இனாமாய்க் கொடுத்தவராவார். தரையோடு படுத்திருக்கும் கன்றுகளுக்குக் கண்ணெரிச்சலும் இருமலும் வருவது இதன்மேல் மற்றொரு நஷ்டம்.

இதற்குத் தகுந்த பரிகாரம் உலர்ந்த மண். இங்கிலாந்தில் ஹென்றி மௌல் என்ற பாதிரியார், உலர்ந்த மண் மனித மலத்தின் நாற்றத்தையே அடக்குவதைக் கண்டு, 1860-ஆம் ஆண்டில் மண் கக்கூசுக்குக் காப்புரிமை பெற்றார். கொட்டிலுக்கும் அதே முறை பொருந்தும். தரையில் அரையடி கனத்துக்கு உலர்ந்த மண்ணைப் பரப்பி, நனைந்த இடத்தைத் தினந்தோறும் கிளறி, முழுதும் ஊறியபின் வாரிக் குப்பைக்குழியில் சேர்க்க வேண்டும். செம்மண்ணைவிடக் களிப்புள்ள கண்மாய் வண்டல் சிறந்தது. அதன்மேல் கடலைத் தோலோ முந்திரிச் சருகோ பரப்பினால் மாடுகளுக்கும் சுகம்.

வண்டலைக் கோடையிலேயே எடுத்து உலர்த்திக் கூரைக்கடியில் சேமித்திராதவருக்கு ஐப்பசி மழையில் வேறொன்றும் கைகொடாது. அதை எடுக்க முறைப்படி அனுமதி வேண்டுமாதலால், கிராம அதிகாரிகள் கண்மாய் வற்றியிருக்கும்போதே மனுக்களைக் கவனித்தனுப்புவது பேருதவி. மழை பெய்தபின் கிடைக்கும் உத்தரவால் பயனில்லை.

வீட்டுத் திண்ணையில் நாயோ பூனையோ நனைத்த இடத்துக்கும் முதலில் உலர்ந்த மண்ணே. ஈரத்தை அது உறிஞ்சியபின் பெருக்கியெடுத்து, கெட்டியான புளிக்கரைசலால் தேய்த்து, ஒரு நாழிகை கழித்துக் கழுவி வெயில் படவிட வேண்டும். புளிப்பு அம்மோனியாவைக் கட்டிவிடும். ஆண் பூனையின் நாற்றத்துக்கு இரண்டு மூன்று முறை செய்ய நேரும். சிமெண்டுத் தரையில் கறை படியுமாவென முதலில் ஒரு மூலையில் பார்த்துக்கொள்க. பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின்மேலோ புளிக்கரைசலோடோ ஒருபோதும் சேர்க்கலாகாது. நுரையீரலைப் புண்ணாக்கும் நச்சுவாயு கிளம்பும்.